வலது ஓரத்தில் விழுந்த தங்கை

உறவுமுறைப் பதிவு அலுவலகத்தில் கால் வைக்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். யாருக்கு யார் அப்பா, யாரோடு கூடப் பிறந்தவர் யார் என்பதைப் பெற்றவர்களை விடத் துல்லியமாகத் தெரிந்து வைத்திருக்கிற இடம் அது. ஊரில் உள்ள அத்தனை குடும்பமும் மூன்றாம் மாடியில், ஒரு பழைய யூனிக்ஸ் கம்ப்யூட்டருக்குள் பத்திரமாக இருக்கிறது. அதைக் காகிதத்தில் எடுத்துக் கொடுப்பது மட்டும் அவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

லிஃப்ட் மெக்கானிக் அங்கே முதல் தடவை போனது ஒரு திங்கட்கிழமை. பதினைந்து மாடி லிஃப்டின் தலையில் ஏறி நின்று வேலை பார்க்கிற ஆள், ஒரு கவுன்டரைப் பார்த்துப் பயப்படுவோம் என்று அன்றைக்கு அவர் நினைக்கவில்லை.

அவருக்கு ஒரே தங்கை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷினோடு படுத்துக் கிடந்தாள். அண்ணனுடையது பொருந்தும் என்று சோதனையில் தெரிந்துவிட்டது. பதினோரு வாரம் தள்ளி, இருபத்தெட்டாம் தேதி ஆபரேஷன் என்று டாக்டர் நாளும் குறித்துவிட்டார். பாக்கி ஒரே ஒரு காகிதம். கொடுப்பவரும் வாங்குபவரும் கூடப் பிறந்தவர்கள்தான் என்பதற்குக் குடும்பச் சான்று. இருபத்துநாலாம் தேதி மாலை நாலு மணிக்குள் அது ஆஸ்பத்திரிக்கு வராவிட்டால் அந்த நாள் வேறு யாருக்கோ போய்விடும். அடுத்த நாள் கிடைக்க ஐந்து மாதம். “ஊசி குத்திக் குத்தி அவங்க கை நரம்பு அவ்வளவு நாள் தாங்காதுங்க” என்று டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார். பெற்றவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்து வருஷமாகிவிட்டது. காகிதம் ஒன்றுதான் சாட்சி.

காகிதம் என்னவோ ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. கெட்டித் தாள், ஓரத்தில் பூ வேலை, மேலே முத்திரை. அப்பாவின் வரி இடது ஓரத்தில் ஒழுங்காக ஆரம்பித்தது. அது எங்கே முடிந்ததோ அதற்கு நேர் கீழே அம்மாவின் வரி ஆரம்பித்தது. அம்மா முடிந்த இடத்துக்குக் கீழே இவருடைய வரி ஆரம்பித்து, பாதிப் பெயரிலேயே தாள் தீர்ந்துவிட்டது. நாலாவது வரி காகிதத்திலேயே இல்லை. மொத்தக் குடும்பமும் மாடிப்படியில் இறங்கி வலது பக்கமாகப் போய் விழுந்த மாதிரி இருந்தது.

“சார், இதுல என் தங்கச்சி இல்லையே?”

“இருக்காங்களே” என்றார் கவுன்டர்காரர்.

“எங்க சார்?”

கவுன்டர்காரர் தாளை மேஜையில் வைத்து நேராக்கினார். பிறகு தாளுக்கு வலது பக்கம், ஒரு ஜாண் தள்ளி, வெறும் மேஜையின் மேல் ஆட்காட்டி விரலை வைத்தார். “இங்க.”

“அங்க மேஜைதானே சார் இருக்கு?”

“பேப்பர் தீர்ந்து போச்சு. அதுக்காக உங்க தங்கச்சி இல்லைன்னு ஆயிடுமா? ரெக்கார்டுல இருக்காங்க. கவலைப்படாதீங்க.”

“ஆஸ்பத்திரியில பேப்பரைத்தானே சார் கேக்கறாங்க?”

“அப்ப அது ஆஸ்பத்திரியோட பிரச்சினை. அடுத்து யாருங்க?”

அடுத்து நின்ற கிழவர் கையிலும் சரிவான காகிதம். மூன்று பிள்ளைகளில் இரண்டு பேர் மேஜை மேல் இருந்தார்கள்.

மெக்கானிக் விடுகிற ஆள் இல்லை. மூன்றாம் மாடிக்கு ஏறினார். ஏறினார் என்றால் படியில்தான். அந்த அலுவலகத்து லிஃப்டில் ‘பழுது’ என்று பலகை தொங்கியது. பலகை நிறம் மங்கியதைப் பார்த்தால் ஆறு ஏழு வருஷமாவது இருக்கும். கதவு இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தவருக்கு ஒரு ஸ்பிரிங் கழன்றிருப்பது தெரிந்தது. அரை மணி நேர வேலை. கை பரபரவென்றது.

யூனிக்ஸ் பிரிவுத் தலைவருக்கு நெஞ்சு வரை தாடி. எல்லோரும் அவரைத் தாடிக்காரர் என்றே சொன்னார்கள். அவர் காகிதத்தை வாங்கிப் பார்த்து, ஒரு சின்னப் புன்னகையோடு திருப்பிக் கொடுத்தார்.

“தம்பி, எங்க மெஷின் முப்பது வருஷமா ஒரு வரி முடிஞ்சா ஒரே ஒரு குறி அனுப்பும். ‘அடுத்த வரிக்குப் போ’ன்னு அர்த்தம். அடுத்த வரின்னா இடது ஓரத்துல இருந்துதான் ஆரம்பிக்கணும்னு பால்குடி மறக்காத குழந்தைக்குக் கூடத் தெரியும். அதையும் தனியா சொன்னாத்தான் செய்வேன்னு கீழ அச்சுக்கு அனுப்பற பிரின்ட் சர்வர் நின்னா, அதுக்கு மூளை இல்லைன்னு அர்த்தம். மூளை இல்லாதவங்களுக்கு எடுத்துச் சொல்றது என் வேலைப் பட்டியல்ல இல்ல.”

“சார், ஒரு தடவை சொல்லிட்டீங்கன்னா...”

“முப்பது வருஷமா சொல்லல தம்பி. இப்பப் போய்ச் சொன்னா, முப்பது வருஷமும் தப்புன்னு ஆயிடாதா?”

தரைத் தளத்தில் விண்டோஸ் பிரிவு. அங்கே எல்லாச் சுவரும் கண்ணாடி. தலைவர் கோட்டுப் போட்டிருந்தார். பிரின்ட் சர்வர் அவர் பொறுப்பு. மேலிருந்து வருவதை வாங்கி அச்சு மெஷினுக்குத் தள்ளிவிடுவது அதன் வேலை.

“எங்க சர்வர் ரொம்ப ஒழுங்கானது சார்” என்றார் கோட்டுக்காரர். “சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. ‘கீழே இறங்கு’ன்னு ஒரு குறி, ‘இடது ஓரத்துக்குத் திரும்பு’ன்னு ஒரு குறி, ரெண்டும் வரணும். மேல இருந்து ஒண்ணுதான் வருது. நாங்களா இன்னொண்ணைச் சேர்த்துக்க முடியுமா? இன்னைக்கு ஒரு குறியைச் சேர்ப்போம், நாளைக்கு ஒரு பிள்ளையைச் சேர்ப்போம். அப்புறம் யார் பதில் சொல்றது? இந்த நாற்காலியில உக்காந்து மூணு வருஷம் ஆச்சு சார். ஒரு தடவை கூட நான் சொந்தமா யோசிச்சதில்ல. போன வருஷம் விருது குடுத்தாங்க.”

விருது அவருக்குப் பின்னால் அலமாரியில் பளபளவென்று நின்றது.

“லிஃப்ட் கீழே போனா, மறுபடி மேல வரச் சொல்லித்தான் பட்டன் வச்சிருக்கோம் சார்” என்றார் மெக்கானிக், ஏதோ உதவி செய்கிற எண்ணத்தில். “அந்தப் பட்டன் யாரோடதுன்னு சண்டை போட்டா, ஜனங்க நடுவுலல்ல மாட்டிக்குவாங்க?”

“நீங்க லிஃப்ட் துறை” என்றார் கோட்டுக்காரர் கனிவாக. “உங்களுக்கு இது புரியாது.”

இரண்டு பிரிவுக்கும் தொடர்பே இல்லை என்று யாரும் பழி சொல்ல முடியாது. தினமும் பதினொரு மணிக்கு இணைப்புச் சோதனை நடந்தது. மேலே தாடிக்காரர் எழுந்து நிற்பார். கீழே கோட்டுக்காரர் கோட்டின் பொத்தானைப் போடுவார். மேல் மெஷின் கீழ் சர்வரை “இருக்கிறாயா?” என்று கேட்கும். கீழ் சர்வர் “இருக்கிறேன்” என்று சொல்லும். இருந்ததைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். பிறகு ஒரு சோதனைப் பக்கம் அச்சடிப்பார்கள். ‘இது சோதனைப் பக்கம்’ என்ற ஒரே வரி, இடது ஓரத்தில், ஆடாமல் அசையாமல், அழகாக வரும். ஒரு வரிக்கு மேல் சோதிக்க வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ‘அச்சில் குறை எதுவும் இல்லை’ என்று எழுதி டைரக்டருக்கு அனுப்புவார்கள். டைரக்டர் அதைப் படித்துவிட்டுக் காபி குடிப்பார்.

இதை எல்லாம் மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சொன்னது அச்சு அறையில் இருந்த ஒரு அக்கா. ஐம்பது வயது இருக்கும். வரிசையில் சிக்கிக்கொள்ளும் அச்சு வேலைகளை விடுவித்து விடுவதும், தாள் நிரப்புவதும், எத்தனை பக்கம் வந்தது என்று பதிவேட்டில் ஏற்றுவதும் அவர் வேலை. வரிசை அக்கா என்று பெயர்.

“தம்பி, தினம் உங்களைப் பாக்கறேன், மனசு கேக்கல. இங்க வாங்க” என்று அச்சு மெஷினுக்கு முன்னால் கூட்டிப் போனார். மெஷின் முகப்பில், பட்டன்கள் இருக்கவேண்டிய இடத்தில், ஒரு இரும்புத் தகடு அடித்து, பூட்டுப் போட்டிருந்தது.

“என்னக்கா இது?”

“உள்ள நாலு பட்டன் இருக்கு. ‘வரி முடிஞ்சா இடது ஓரத்துக்குத் திரும்பவா?’ன்னு மெஷினே கேக்கும். ‘வேண்டாம்’னு இருக்கறதை ‘ஆமா’ன்னு மாத்தணும். அவ்வளவுதான். மேல இருக்கறவரும் மாற வேண்டாம், கீழ இருக்கறவரும் மாற வேண்டாம். நாலு வருஷத்துக்கு முன்னாடி நான் ஒரு நாள் மாத்தினேன். அன்னைக்கு வந்த பேப்பர் எல்லாம் சும்மா நேரா, லட்சணமா வந்துச்சு.”

“அப்புறம்?”

அக்கா மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய குறிப்பாணையை எடுத்துக் காட்டினார். ‘சான்றளிக்கப்பட்ட பதிவில், கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை, வரிக்கு ஒன்று வீதம், அனுமதியின்றிச் சேர்த்த குற்றத்துக்காக’ ஒரு வருஷச் சம்பள உயர்வு பிடித்தம். பின் குறிப்பு: அச்சு மெஷின் மேஜை மேல் இருப்பதால் அது மரச்சாமான் பிரிவின் சொத்து. அதன் பட்டனைத் தொடுவது மேஜையைச் சேதப்படுத்துவதற்குச் சமம். சாவி டைரக்டர் வசம் இருக்கும்.

மெக்கானிக் அந்தக் குறிப்பாணையை மூன்று தடவை படித்தார்.

“நாலு பட்டனுக்கா அக்கா பூட்டு?”

“பூட்டு வாங்கறதுக்கு ஒரு குழு போட்டாங்க தம்பி. அதுல எட்டு பேரு.”

ஐந்தாவது வாரம் கவுன்டர்காரருக்கே மனம் இளகியது. அவர் கெட்டவர் இல்லை. அலுவலகம் சொல்லிக் கொடுத்ததைத் தவிர வேறு ஒன்றும் தெரியாதவர், அவ்வளவுதான்.

“உங்க அப்பா வரி ரொம்ப நீளம் சார். ‘ரயில் பெட்டிப் பட்டறைத் தலைமை வெல்டர்’னு தொழில் வேற போட்டிருக்கு. அதை எடுத்துட்டா எல்லாரும் இடது பக்கமா நகர்ந்து வருவாங்க. நீக்கல் மனு குடுங்க.”

அப்பா முப்பத்தாறு வருஷம் நெருப்புப் பொறிக்கு முன்னால் குனிந்து கிடந்து சம்பாதித்த பெயர் அது. மெக்கானிக் மனு எழுதினார். பத்து நாளில் அப்பாவுக்குத் தொழில் இல்லாமல் போனது. புதுக் காகிதத்தில் இவர் பெயர் முழுசாக வந்தது. தங்கையின் முதல் எழுத்து தாளின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது.

“பாத்தீங்களா, வந்துக்கிட்டே இருக்காங்க!” என்று கவுன்டர்காரர் உற்சாகமானார். “அம்மா பிறந்த ஊரை எடுத்துருவோம்.”

அம்மாவுக்கு ஊர் போனது. தங்கையின் பெயர் முழுசாக வந்துவிட்டது. மெக்கானிக் ஓட்டமும் நடையுமாக ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே காகிதம் வாங்குகிற அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, “பேரு இருக்கு. ஆனா பேருக்குப் பக்கத்துல ‘மகள்’னு இல்லையே? இவங்க அந்த வீட்டுல யாருன்னு நாங்க எப்படிச் சொல்றது?” என்றார். நியாயமான கேள்வி. ‘மகள்’ தாளுக்கு வெளியே விழுந்துவிட்டாள்.

திரும்பி வந்தவரிடம் கவுன்டர்காரர் கடைசி வழியையும் சொன்னார். “இன்னும் ஒரே ஒரு வரிதான் சார் குறுக்க நிக்குது. அதை எடுத்துட்டா உங்க தங்கச்சி ‘மகள்’ சகிதம் ஜம்முனு வந்துடுவாங்க.”

“எந்த வரி?”

“உங்களுது.”

“நான் இல்லைன்னா அவளுக்கு நான் எப்படி சார் அண்ணன் ஆவேன்?”

கவுன்டர்காரர் மனப்பூர்வமாக யோசித்தார். “அதுக்குத் தனி மனு இருக்கு” என்றார்.

அன்று சாயங்காலம் தங்கையின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் இதை எல்லாம் சொன்னார். அவள் குழாய் சொருகிய கையை அசைக்காமல் சிரித்தாள்.

“அப்பா வேலையைப் பிடுங்கிட்ட. அம்மாவை ஊரை விட்டுத் துரத்திட்ட. இப்ப நீயும் போறேங்கற. எனக்காக ஏன் அண்ணா குடும்பத்தையே அழிக்கற?”

“சும்மா இரு குட்டி” என்றார். அவள் கையில் நரம்பு கயிறு மாதிரி புடைத்துக் கறுத்திருந்ததை அவர் பார்க்காத மாதிரி பார்த்தார்.

ஒன்பதாவது வாரம், குறை கேட்கும் நாளில், அவருக்கு டைரக்டர் முன்னால் மூன்று நிமிஷம் கிடைத்தது. இரண்டு பக்கமும் தாடிக்காரரும் கோட்டுக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். மெக்கானிக் தன் காகிதங்களை மேஜையில் பரப்பினார். டைரக்டர் ஒவ்வொன்றையும் ரசித்துப் பார்த்தார்.

“இந்தச் சரிவை நீங்க குறைன்னு நினைக்கறீங்க” என்றார் டைரக்டர். “நானும் ஆரம்பத்துல அப்படித்தான் நினைச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது. வெளியில எவனாவது கள்ளச் சான்று அடிச்சா எப்படி அடிப்பான்? நேராத்தானே அடிப்பான்! இவ்வளவு மோசமா அச்சடிக்க உலகத்துல வேற யாராலயும் முடியாது. அது நம்மால மட்டும்தான் முடியும். அப்ப அதுதானே நம்ம பாதுகாப்பு முத்திரை?”

தாடிக்காரர் தலையாட்டினார். கோட்டுக்காரர் குறித்துக்கொண்டார்.

“ஐயா, என் தங்கச்சி...”

“உங்க தங்கச்சிக்கு என் ஆசீர்வாதம். அவங்க பேரு விழுந்திருக்குன்னா, பேப்பர் அசல்னு அர்த்தம். நீங்க பெருமைப்படணும்.”

மறுநாளே சுற்றறிக்கை வந்தது. இனி ஒவ்வொரு சான்றின் சரிவையும் அளந்து பார்த்துச் சரிபார்ப்பு அதிகாரி முத்திரை வைப்பார். பதினோரு டிகிரிக்குக் குறைந்தால் போலி. போலி என்றால் அங்கேயே நடுவில் துளை போடப்படும். அதிகாரிக்கு ஒரு மரக் கோணமானியும், ஒரு துளை மெஷினும், உட்கார ஒரு சுழல் நாற்காலியும் வாங்கிக் கொடுத்தார்கள். முத்திரை இல்லாத காகிதத்தை ஆஸ்பத்திரி வாங்காது.

இருபத்துமூன்றாம் தேதி வந்தது. கையில் ஒரே நாள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு மெக்கானிக் காலையிலிருந்தே அச்சு அறை வாசலில் நின்றார். நின்று என்ன ஆகப்போகிறது என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. வீட்டில் இருக்க முடியவில்லை. அவருடைய குடும்பச் சான்று வரிசையில் எட்டாவதாக இருந்தது. அது வந்தால் சரிந்துதான் வரும் என்பதும் தெரியும்.

பத்தே முக்காலுக்கு டைரக்டர் ஓடி வந்தார். டைரக்டர் ஓடி அந்த அலுவலகம் பார்த்ததில்லை. பின்னாலேயே தாடிக்காரர், கோட்டுக்காரர், கவுன்டர்காரர். டைரக்டர் கையில் ஒரு காகிதம். அவருக்கு அந்த மாதக் கடைசியில் ஓய்வு. இரண்டு வருஷம் பணி நீட்டிப்பு வழங்கித் தலைமையிடம் உத்தரவு அனுப்பியிருந்தது. எந்த உத்தரவானாலும் இந்த அலுவலகத்து அச்சு மெஷினில் வந்தால்தான் செல்லும் என்பது டைரக்டரே போட்ட விதி. உத்தரவு வந்திருந்தது. தலைமையிடத்தின் நீண்ட பட்டங்கள் முதல் வரி. அலுவலகத்தின் நீண்ட பெயர் இரண்டாம் வரி. ‘கீழ்க்கண்டவருக்கு இரண்டு ஆண்டு நீட்டிப்பு’ என்பதோடு தாள் தீர்ந்துபோன மூன்றாம் வரி. அந்தக் கீழ்க்கண்டவர் யார் என்பது நாலாம் வரியில் இருந்திருக்க வேண்டும்.

“இதுல என் பேரு எங்கய்யா?”

கவுன்டர்காரர் பழக்க தோஷத்தில் தாளை வாங்கி மேஜையில் வைத்து, வலது பக்கம் ஒரு ஜாண் தள்ளி விரலை வைத்துவிட்டார். “இங்க இருக்கீங்க சார். ரெக்கார்டுல இருக்கீங்க. கவலைப்படாதீங்க.”

“நீட்டிப்பு இருக்கு. யாருக்குன்னுதான் இல்ல” என்றார் தாடிக்காரர், தாடியைத் தடவியபடி.

“சீனியாரிட்டிப்படி பார்த்தா...” என்று ஆரம்பித்தார் கோட்டுக்காரர். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவர் சொந்தமாக யோசித்தார்.

டைரக்டர் அவரை முடிக்க விடவில்லை. சட்டைப் பைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்தார். “அம்மா, அந்தப் பட்டன் எதுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?”

“தெரியும் சார். நாலு வருஷமா தெரியும்” என்றார் வரிசை அக்கா.

பூட்டு துருப்பிடித்துக் கிடந்தது. மெக்கானிக் தன் பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்து இரண்டு சொட்டு விட்டார். யாரும் அவரை யார் என்று கேட்கவில்லை. தகடு திறந்தது. அக்கா நாலு தடவை பட்டனை அழுத்தினார். ‘ஆமா’. டைரக்டரின் உத்தரவு மறுபடி வந்தது. நாலு வரியும் இடது ஓரத்தில் தோளோடு தோள் ஒட்டி நின்றன. நாலாவதில் அவர் பெயர், பட்டத்தோடு.

டைரக்டர் அதை வாய்விட்டுப் படித்தார். கோட்டுக்காரர் கை தட்டினார். தாடிக்காரரும் தட்டினார். அந்தச் சத்தத்தில் மெஷின் இன்னொரு தாளைத் துப்பியதை ஒருத்தரும் கவனிக்கவில்லை. வரிசையில் எட்டாவதாக இருந்த ஒரு குடும்பத்தை அக்கா முன்னால் இழுத்து விட்டிருந்தார்.

“சரி, பழையபடி மாத்திப் பூட்டிடுங்க” என்றார் டைரக்டர். “விதின்னு ஒண்ணு இருக்கில்ல.”

அக்கா ‘வேண்டாம்’ என்று மாற்றிப் பூட்டினார். பதிவேட்டில் எழுதினார்: ‘ஒரு திறப்பு. இரண்டு பக்கம்.’ டைரக்டர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். மொத்தம் நாலு நிமிஷம் ஆகியிருந்தது. பூட்டுக்கே மூன்று நிமிஷம்.

“மடிக்காம கொண்டு போங்க தம்பி” என்று அக்கா தாளை நீட்டினார். அப்பா, அம்மா, அவர், தங்கை. நாலு பேரும் ஒரே ஓரத்தில். ‘மகள்’ இருந்தாள். வலது பக்கம் முழுக்கக் காலி இடம். அப்பாவின் பட்டறையும் அம்மாவின் ஊரும் தாராளமாக உட்கார்ந்திருக்கலாம்.

சரிபார்ப்பு அதிகாரி அன்று கோணமானியைத் துடைக்கக் கொடுத்திருந்தார். ஆகவே மறுநாள், இருபத்துநாலு, காலை பதினொரு மணி. அதிகாரி தாளின் மேல் கோணமானியை வைத்தார். திருப்பி வைத்தார்.

“பூஜ்ஜியம் டிகிரி. சுத்தப் போலி” என்று துளை மெஷினை இழுத்தார்.

மெக்கானிக்கின் பத்து வார மரியாதை அந்த இடத்தில் தீர்ந்தது. தாளின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

“போடுங்க சார். துளை போடறதுன்னா ரெண்டுக்கும் சேர்த்துப் போடுங்க. இதே மெஷின், இதே திறப்பு, இதுக்கு முன்னாடி வந்த தாளு டைரக்டர் ரூம்ல சட்டம் போட்டு மாட்டியிருக்கு. பதிவேட்டுல அவரே கையெழுத்துப் போட்டிருக்காரு, ரெண்டு பக்கம்னு. வாங்க, கோணமானியைத் தூக்கிக்கிட்டு வாங்க. முதல்ல அதை அளப்போம். அது பதினோரு டிகிரி இருந்துச்சுன்னா, இதை நானே கிழிச்சுப் போடறேன்!”

அதிகாரி மெல்லத் துளை மெஷினைக் கீழே வைத்தார். வெளியே போனார். டைரக்டர் அறைக் கதவு சாத்திக்கொண்டது. ஒரு அவசரக் கூட்டம், அதில் ஒரு தீர்மானம். ஒரு மேஜை விளக்கு வாங்க எட்டு மாதம் எடுத்துக்கொள்கிற அலுவலகம், ஐம்பது நிமிஷத்தில் சுற்றறிக்கை போட்டது.

‘நேர்கோட்டு அச்சு, துணை இயக்குநர் மற்றும் அதற்கு மேற்பட்ட தகுதியுடையோருக்கு மட்டும் உரிய சிறப்புரிமையாகும். மேற்படி திறப்பில் அச்சான இரண்டு பக்கங்களும் அசல். இரண்டாம் பக்கத்தில் கண்டுள்ள நால்வரும், அந்த ஒரு தாளைப் பொறுத்தவரை மட்டும், துணை இயக்குநர் தகுதியில் இருப்பதாகக் கருதப்படுவர்.’

முத்திரை விழுந்தபோது மணி ஒன்றே முக்கால். ஆஸ்பத்திரியில் அந்த அம்மாள் தாளை வாங்கிக்கொண்டபோது மூன்று அடித்து ஐந்து நிமிஷம்.

“அப்ப செத்துப்போன அப்பாவும் துணை இயக்குநரா?” என்றாள் தங்கை, கட்டிலில் எழுந்து உட்கார்ந்து. “எனக்கு ஆபீஸ் கார் எல்லாம் வருமா அண்ணா?”

“அங்க லிஃப்டே ஓடல குட்டி. கார் கேக்கற.”

இருபத்தெட்டாம் தேதி ஆபரேஷன் நடந்தது. ஒரு உடம்பிலிருந்து எடுத்து இன்னொரு உடம்பில் வைத்து, நரம்போடு நரம்பு சேர்த்துத் தைக்க டாக்டர்களுக்கு ஐந்தரை மணி நேரம் ஆனது. ஒரு வரியை இடது ஓரத்துக்குக் கொண்டு வர உறவுமுறைப் பதிவு அலுவலகத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று இன்னும் சொல்ல முடியாது. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

நாலு மாதம் கழித்து அண்ணனும் தங்கையும் சேர்ந்தே அங்கே போனார்கள். அப்பாவின் தொழிலையும் அம்மாவின் ஊரையும் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று தங்கைதான் பிடிவாதம் பிடித்தாள். முகத்தில் ரத்தம் ஊறி, கன்னம் சதை பிடித்திருந்தது அவளுக்கு. வரிசையில் நின்றவர்கள் எல்லோர் கையிலும் சரிவான தாள்.

கவுன்டர்காரர் மெக்கானிக்கை அடையாளம் கண்டு மலர்ந்தார். பதிவைப் பார்த்து, அப்பா தொழிலோடு முதலில் அச்சான பழைய தாளின் நகலை எடுத்து மேஜையில் வைத்து நேராக்கினார்.

“தாராளமா சேர்த்துடலாம் சார். ஆனா அப்பா தொழிலைச் சேர்த்தா, உங்க தங்கச்சி பழையபடி இங்க போயிடுவாங்க” என்று வலது பக்கம், ஒரு ஜாண் தள்ளி, விரலைக் கொண்டுபோனார்.

அந்த இடத்தில் மேஜை இல்லை. ஒரு கை இருந்தது. ஊசித் தழும்புகள் ஆறிக்கொண்டிருந்த, நரம்பு தணிந்த, சூடான ஒரு கை.

“ஆமா சார்” என்றாள் தங்கை. “இங்கதான் இருக்கேன்.”

கவுன்டர்காரர் விரலை எடுத்துக்கொண்டார். அந்தக் கையைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். ஒரு தடவை மேலிருந்து கீழ் வரை படித்தும் பார்த்தார்.

“நீங்க யாரும்மா?” என்றார். “பேப்பர்ல இல்லையே.”